செல்வாக்கு

மீரான் சாகிப் தெருவில் மின்சாரம் போய்
சாலிடர் இரும்பு ஆறத் தொடங்கிய ஏழே காலுக்கு
ஃபெலிக்ஸ்தான் ஆரம்பித்தான்:
உலகத்தையே மாற்றிய வீடியோ கேம் எது?
ஒன்றே ஒன்று சொல்.

டெட்ரிஸ் என்று பதிலையும் அவனே சொன்னான்.
ராயபுரத்தில் ஏழு பேருக்கு ஒற்றை அறை.
பாயை எப்படித் திருப்பினால்
அத்தைக்கும் சைக்கிளுக்கும் இடம் கிடைக்கும் என்று
எனக்கு வேறு யார் சொல்லிக்கொடுத்தது என்றான்.
நிறைந்த வரிசை மறையும்.
ஓட்டை விட்டது அப்படியே நிற்கும்,
சீட்டுப் பணம் கட்டாத மாதம் மாதிரி.

தஸ்தகீர் ஒத்துக்கொள்ளவில்லை.
பர்மா பஜாரில் ஒரே கேசட்டில்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம் என்று விற்றவர்
(உள்ளே இருந்தது பதினான்கு.
மிச்சமெல்லாம் அதே பதினான்கு, வேறு நிறத்தில்).
டூம் என்று மேசையைத் தட்டினார்.
அதுவரை ஒரு பொம்மையை நகர்த்திக்கொண்டிருந்தோம்,
அதற்கப்புறம் நாமே நடந்தோம்.
துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரியும்
முகம் தெரியாது.
முகம் தெரியாவிட்டால் மனுஷன் என்னவெல்லாம் செய்கிறான்,
பார்க்கிறோம் இல்லையா.

கடைக்குக் கணக்கெழுதுகிற நான்
நோக்கியாவின் பாம்பைச் சொன்னேன்.
இருபத்தொன்று ஜி-யில் தாம்பரம் வரை
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பாம்பு.
ஊர் மொத்தத்துக்கும் கட்டைவிரல் பழகியது அதில்தான்.
அதெல்லாம் கேமா, போனோடு சும்மா வந்தது
என்றான் ஃபெலிக்ஸ்.

எத்தனை விற்றது என்பதா செல்வாக்கு,
எத்தனை பேர் காப்பியடித்தார்கள் என்பதா?
ஆடாதவன் வீட்டிலும் வந்து உட்கார வேண்டாமா?
செல்கிற வாக்குதானே செல்வாக்கு,
உங்கள் இரண்டு ஓட்டும் செல்லாது என்றேன்.

அப்போது வந்தான், உடைந்த திரையோடு.
முதுகில் பெட்டி. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
பத்து நிமிஷத்துல முடியுமாண்ணே?
விரிசலுக்கு அடியில் வரைபடம்,
அதில் ஊராமல் நிற்கும் நீலப் புள்ளி.
பதினெட்டு முடிச்சாச்சு
இன்னும் மூணு, பதினோரு மணிக்குள்ள,
முடிச்சா முந்நூறு.
மழைக்குத் தனியா இருபது.
நட்சத்திரம் நாலரைக்குக் கீழே இறங்கினால்
ஐடி பூட்டிக்கொள்ளுமாம்.
மறுபடி முதலிலிருந்தா என்று கேட்டேன்.
முதல்னு ஒண்ணு இல்லக்கா,
மச்சான் பேர்ல போடணும்.

தஸ்தகீர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.
நீ என்ன கேம்ப்பா ஆடுவ என்றான் ஃபெலிக்ஸ்.
நேரமேதுண்ணா.
திரை கழன்று கிடந்த அத்தனை நேரமும்
வெறும் மேசையில் அவன் கட்டைவிரல்
மேலிருந்து கீழே
மேலிருந்து கீழே
இழுத்துக்கொண்டிருந்தது.

நான் கணக்கு நோட்டைத் திறந்தேன்.
எழுத ஒன்றுமில்லை, மூடினேன்.

அவன் கிளம்பும்போது தூறல்.
தெருமுனையில் மாநகரப் பேருந்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில்
பெட்டி அகலத்துக்கு ஓர் இடைவெளி விழ
வண்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, சொருகினான்.
பார்த்தியா, டெட்ரிஸ்தான்
என்று குதித்தான் ஃபெலிக்ஸ்.

மின்சாரம் வந்தது.
வரிசை மறையவில்லை.