ஆர்டர் நோட்டு

பம்புசெட்டு வேலை படுத்துக்கொண்ட வருஷம்
ஆவாரம்பாளையத்துக்கு ஒரு ரீல் கைப்பிடி வந்தது,
தூத்துக்குடியிலிருந்து, கொரியரில், மரை தேய்ந்து.
வெட்டிக் கொடுத்தேன்.
அடுத்த வாரம் ரெக்ஸ்லின் போனில் கேட்டார்:
"அண்ணாச்சி, ஈயத்துல மீன் செஞ்சு தருவியளா?"

நாற்பது கிராம், அறுபது, நூற்றிருபது.
வால் பக்கம் கனம், தலையில் சரிவு,
நடுவே எஸ்.எஸ். கம்பி ஓட வேண்டும்.
வார்த்துக் கடைந்தால் ஈயம்
பிசினாக டூலில் ஒட்டும்.
பெயின்ட் காய்ந்ததும் கண் ஒட்டுவது ஜமுனா.
ஒரு கண்ணுக்கு அறுபது பைசா,
உதிர்ந்தால் கூலி கிடையாது.

கடலை ஒருதடவைதான் பார்த்திருக்கிறேன்,
திருச்செந்தூரில், மொட்டைத் தலையோடு,
முழங்கால் வரைக்கும்.

ஆனாலும் நோட்டைப் புரட்டினால் அதன் மாசங்கள் தெரியும்.

புரட்டாசி.
உக்கடம் மார்க்கெட்டில் ஐஸ் சும்மா உருகும்.
எங்கள் வீட்டில் முட்டைகூட உடையாது.
இங்கே ராத்திரி பதினொன்று வரை லேத்து ஓடும்.
மழை தெளிந்ததும் வஞ்சிரத்துக்கு இறங்க வேண்டுமாம்.
"நீங்க வஞ்சிரங்கிறத நாங்க சீலாம்போம்" என்றார் ரெக்ஸ்லின்.
நான் இரண்டையும் எழுதி வைத்தேன்.

தையிலும் மாசியிலும் பாறை.
'பாறை, பெரிய சைஸ், முப்பது' என்று பில் போட்டதற்கு
ஆடிட்டர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்,
"ஏனுங்க, குவாரி எப்ப எடுத்தீங்க?"

பங்குனியில் மயில்மீன்.
முதுகுத் தோகையை விரித்துக்கொண்டு
தண்ணீருக்கு மேலே எம்புமாம்.
எனக்குத் தெரிந்த மயில்
அன்னூர் காட்டில் எங்கள் சோளத்தைத் தின்பது.

சித்திரை பாதிக்குமேல் தடைக்காலம்.
விசைப்படகுகள் கரையில் கிடக்க,
பாலத்தில் நின்று வீசுகிறவர்கள்
ஊளிக்குச் சின்ன சைஸ் பத்துப் பதினைந்து கேட்பார்கள்.
அது டீச் செலவுக்கு ஆகும்.

அப்புறம் ஆனி, ஆடி.
பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்த காற்று
ஷெட்டுத் தகரத்தைத் தட்டும்.
அன்றைக்கே தெரிந்துவிடும்,
பொன்னானிக்காரர் ஆர்டரை ஆவணிக்குத் தள்ளப்போகிறார்.
அங்கே ஓடத்தைக் கரையேற்றிய காற்று
பல்லடம் பக்கம் காற்றாலையைச் சுற்றி
என் மோட்டாருக்கும் கொஞ்சம் கரண்ட் அனுப்பும்.
கடைய ஒன்றுமில்லாத மாசத்தில்
கரண்ட் மட்டும் நிற்காமல் வரும்.

போன மாசியில் ஒன்று திரும்பி வந்தது.
ரிஜெக்ட் என்று நினைத்து வயிறு கலங்கியது.
பிரித்தால்,
நூற்றிருபது கிராம், பச்சை முதுகு,
கம்பி வளைந்து, தூண்டில் முள் நிமிர்ந்து,
விலாவில் இரண்டு குழி.

வாய்ஸ் மெசேஜில் பாதி காற்று, மீதி ரெக்ஸ்லின்:
"இருவது நிமிஷம் இழுத்துச்சு அண்ணாச்சி,
மொகத்தையே காட்டல, முள்ள நிமித்திட்டுப் போயிட்டு.
சீலாவா, ஊளியா, தெரியல.
இதே மாதிரி இன்னும் இருவது போடுங்க,
முள்ளு நான் மாத்திக்கிடுதேன்."

வெர்னியரை எடுத்தேன்.
குழிக்கும் குழிக்கும் பதினொன்று புள்ளி நாலு.
ஆழம் ஒன்று புள்ளி மூணு.
மீன் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு
அளவை மட்டும் குறித்துக்கொண்டேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஜமுனா
குழியைப் பார்க்கவேயில்லை.
"ரெண்டு கண்ணும் அப்படியே இருக்குது பாருங்க" என்றாள்,
"அறுவதை எம்பதா ஆக்குங்க."