மூன்று படிகள், ஒரு ஜோடி

ஐந்தரைக்கு முதல் ரயில்.
புக்கிட் பாத்தோக் நடைமேடையில்
விடியுமுன்னே வேர்க்கிறது.
கம்பளிக் கையுறையோடு நான் மட்டும்.
கூட்டிப் பெருக்குகிறவர் தினமும் பார்ப்பார்,
எங்கே குளிர் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

குளிர் இருப்பது கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில்,
காலணிக் கடைக்கும் உணவங்காடிக்கும் நடுவே.
பொதுமக்கள் வரும்வரை
அது எங்களுடையது.
எங்களுடையது என்றால்
எனக்கும் வெய் லூனுக்கும்
ஹாக்கிப் பையன்கள் கீறிவிட்டுப்போன தழும்புகளுக்கும்.

அப்போது அவனுக்குப் பதினாறு, எனக்குப் பதின்மூன்று.
அவனிடம் உயரம் இருந்தது, தாவல் இல்லை.
என்னிடம் தாவல் இருந்தது,
பார்ப்பதற்கு ஆள் இல்லை.
இரண்டு மின்கம்பியை முறுக்குவதுபோல
யாரோ எங்கள் கைகளை முறுக்கிவிட்டார்கள்.
முதல் மாதம் முழுக்க விழுந்தோம்,
சேர்ந்து ஒருமுறை, தனித்தனியே நூறுமுறை.

சித்தி கேட்டாள்:
"கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆடணுமா?"
"சில நேரம் இடுப்பையும், சித்தி."

ஞாயிறுகளில் புளோக்கின் கீழ்த்தளத்தில்
தூக்கிப் பழகுவோம்.
சதுரங்க மேசையில் காய் நகர்த்தாமல் பார்த்த ஒருவர்
ஒருநாள் ஐந்து விரல் காட்டினார்.
ஐந்துக்கா, பத்துக்கா, தெரியவில்லை.
மலாய்க் கல்யாணத்துக்கு அங்கே பந்தல் போட்ட வாரம்
கார் நிறுத்தும் மாடிக்குப் போனோம்.
அவன் தலைக்குமேல் நான்,
எனக்குமேல் விமானம் ஒன்று சக்கரம் இறக்கிக்கொண்டு.

வீட்டுத் தராசை நான் நம்புவதில்லை.
அரைக் கிலோ கூடினாலும்
அவன் தோளுக்குத்தான் முதலில் தெரியும்.
சொல்லமாட்டான்.
மூச்சை ஒரு கணம் முன்கூட்டி இழுப்பான்,
அவ்வளவுதான்.
அன்றைக்கு நான் மைலோ குடிக்கமாட்டேன்.

உள்ளூர்ப் போட்டி.
இளையர் ஜோடிப் பிரிவில் ஒரே ஜோடி.
முதலிடம், கடைசியிடம், எல்லாம் நாங்களே.
மூன்று படிகளில் இரண்டு காலி.
படத்தில் வெறுமையாக இருக்கும் என்று
என் தம்பி வெண்கலத்தில் ஏறி நின்றுகொண்டான்,
கையில் கறிபப்போடு.

பிறகு தைப்பே. பதினொரு ஜோடிகள்.
அறிவிப்பாளர் என் பெயரில் தடுக்கி விழுந்து எழுந்தார்:
ஆ… ஆதி… ஆதிரை.
அவன் என்னை எறிந்தான்.
எறிந்த பிறகு அவன் எனக்கில்லை,
பனி இன்னும் எனக்கில்லை,
இடையில் இருந்தது
நான் மட்டுமே கேட்ட ஒரு சத்தம்,
துணி உதறுவதுபோல.
இரண்டு காலில் இறங்கினேன். ஒன்றில் இறங்கவேண்டும்.
சிரித்தபடி அடுத்ததுக்குப் போனோம்.
சுழலில் என் கூந்தல்முனை பனியைத் தொட்டு நனைந்தது,
அது மட்டும் சரியாக வந்தது.
பதினொன்றில் பதினொன்று.
மதிப்பெண் பெஞ்சில் அவன் என் காதில் சொன்னான்:
"இப்பத்தான் உண்மையான கடைசி."
எனக்கு ஏனோ அது
தங்கத்தைவிட நிம்மதியாக இருந்தது.

கடிதம் ஏப்ரலில் வந்தது.
அடுத்த பருவம் தொடங்கும் வாரமே
அவனுக்கு தேசிய சேவை.
தள்ளிவைக்க முடியுமா என்று எழுதினோம்.
பதில் மிகப் பணிவாக இருந்தது.

படகு ஏறி தெக்கோங் போனான்.
இரண்டாம் சனிக்கிழமை அழைத்தான்,
தலை மொட்டை, குரலும் மொட்டை.
"முதுகுப்பை இருபது கிலோ, ஆதிரை.
உன்னில் பாதிதான்.
ஆனா தூக்க முடியல.
நீ உன்னைக் கொஞ்சம் தூக்கிக் குடுப்ப,
இது குடுக்க மாட்டேங்குது."

பேச எதுவும் வரவில்லை.
பின்னால் யாரோ வரிசை எண் கத்தினார்கள்.
வைத்துவிட்டான்.

இப்போதும் ஐந்தரை ரயில்.
தனியாகத்தான் சுற்றுகிறேன்.
திருப்பங்களில் இடது கை
இன்னும் ஒரு சாண் வெளியே நிற்கிறது,
மடக்கினால் தடுமாறுகிறேன்.

வியாழக்கிழமை ஒருவன் வருகிறானாம்,
உட்லண்ட்ஸ்காரன், பெயர் கென்ரிக்.
ஹாக்கி ஆடியவன்.
தோள் எப்படி என்று பார்க்கவேண்டும்.