எட்டுத் துளை

பத்தொன்பது லட்சத்து எழுபதாயிரம்.
ரெக்சின் வாசம்கூட இன்னும் போகவில்லை.
தொப்பூர்க் கணவாய் ஏறும்போது
சமையல் அலமாரி தானாகத் திறந்து
ரசப்பொடியை என் மடியில் கொட்டியது.
"ஸ்பீடு பிரேக்கரா?" என்றேன்.
"இல்லையே" என்றார் முனிரத்தினம்.

பென்னாகரத்தில் ராத்தங்கல்.
வெளியே தூறல்தான்,
கட்டிலுக்கு மேல்தான் நல்ல மழை.
குக்கர் வைத்தோம், சொம்பு வைத்தோம்,
கடைசியில் என் ஹெல்மெட்டையும் வைத்தோம்.
கம்பெனிக்குப் போன் போட்டால்
"புது வண்டிதானே மேடம், செட் ஆகிடும்."
சிமெண்டா இது, செட் ஆக?

காலையில் ஹார்டுவேர் கடை.
சிலிக்கான் ட்யூப் இரண்டு, திருகாணி ஒரு டஜன்.
வீட்டுக்கா வண்டிக்கா என்று கேட்டார் கடைக்காரர்.
ரெண்டுக்கும்தான் என்றேன்.

ஒகேனக்கல் பஸ்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போக
ரோட்டோரம் பலகையைக் கழற்றினோம்.
எட்டுத் துளை. மூன்று திருகாணி.
ஒயரைச் சுற்றி, டேப்புக்குப் பதில், பிஸ்கட் உறை.
அப்புறம் பிளைவுட்டில், பென்சிலில்,
சாய்ந்த எழுத்து:
"இங்க அஞ்சு ஸ்க்ரூ பாக்கி. நாளைக்கு."

திட்ட வாயெடுத்தவர்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
ஓசூரில் இருபத்தாறு வருடம் லைனில் நின்றவர்.
சங்கு ஊதினால்
கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு
பஸ் பிடிக்க ஓடியவர்.

ஐந்தையும் நான்தான் முடுக்கினேன்.
எழுத்தை அழிக்கவில்லை.
"நாளைக்கு" என்பதை மட்டும் அடித்துவிட்டு
தேதி போட்டேன்.

அருவிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.
பின்சக்கரத்துப் பக்கம் என்னவோ சொட்டுகிறது.
தண்ணீரா டீசலா என்று
மண்ணில் படுத்து
மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.