பதினோரு நிமிடம்

ஜுபைலில் திங்கள் பிறந்து இரண்டரை மணி.
அமெரிக்காவில் இன்னும் ஞாயிறு மாலை.
அந்த மாலையைக் காம்பவுண்டின் கிளப் ஹாலில்
அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள்:
சுவரளவு திரை, இரு நிறத் தோரணம்,
பலாக்கொட்டையைப் பெரிதாக்கினாற்போல் காற்றடைத்த பந்துகள்,
போதை ஏறாத பீர் அறுபது பெட்டி.

எனக்கு இரண்டாம் நம்பர் சட்டி.
கோழி இறக்கை, ஈடு ஒன்றுக்குப் பதினோரு நிமிடம்.
பரிமாறும் சன்னல் வழியே
திரையின் இடது பாதி மட்டும் தெரியும்.
வலப்பக்கம் ஓடியவன் என்ன ஆனான் என்பதைக்
கூச்சல் வந்து சொல்லும்.

வட்டம் போட்டுக் குசுகுசுக்கிறார்கள்.
குனிகிறார்கள். ஒரு மோதல், ஆறு நொடி.
விசில். மறுபடி வட்டம்.
இவ்வளவு கூடிப் பேசி
இவ்வளவு சீக்கிரம் அடித்துக்கொள்வதை
எந்தப் பஞ்சாயத்திலும் நான் பார்த்ததில்லை.

சாஸ் கேட்டு வந்தார் ஹால்பர்க்,
குழாயில் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம்.
"சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி நேரம்.
ஆட்டக் கடிகாரத்தில் ஒன்று.
பந்துக்கு உயிர் இருப்பது பதினோரு நிமிடம்."
மிச்சமெல்லாம்?
"வியாபாரம்."

அந்த வியாபாரம்தான் எங்கள் கரைக்கு வரவில்லை.
அங்கே நொடிக்கு இரண்டு கோடி ரூபாயாம்;
கொடுத்தவன் இந்த ஊர்க் கண்களை வாங்கவில்லை.
ஆட்டம் நிற்கும்போதெல்லாம் திரையில்
ஒரு நீலப் பலகை சுழன்றது.
இரண்டு அணிக்காரர்களும்
ஒரே குரலில் ஊளையிட்டது அதற்கு மட்டும்தான்.
லோரீன் அம்மாள் கைபேசியில் தேடிப் பிடித்த
லாரி விளம்பரத்தைப் பன்னிரண்டு பேர்
தலை முட்டப் பார்த்தார்கள். ஒருவர் அழுதார்.
"யாராவது செத்துட்டாங்களா?" என்றான் ரோவெல்.
எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்:
"இல்ல. நாய் வீடு திரும்பிடுச்சு."

இடைவேளை.
யாரோ பாடினாளாம், வாணவேடிக்கையாம்.
ஹால் முழுக்க சன்னலில் நின்றது.
மூன்று சட்டி, ஒன்பது ஈடு, எண்ணூறு துண்டு.
தில்பகதூர் கணக்குப் போட்டான்: இருநூறு கோழி.
நாலு நாளாகக் குளிரறையில் பார்த்ததில்
ஒன்றுக்கும் கால் இல்லை.

மூன்றாம் பகுதியில் பாங்கு கேட்டது.
மாஸ்டர் யாசிர் ஏப்ரனைக் கழற்றி
அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போனார்.
ஒலியைக் குறைத்தார்கள்.
அந்நேரம் திரையில், என் பாதியில்,
விழுந்த ஒருவன் எழவில்லை.
இரு அணியும் அவனைச் சுற்றி முட்டி போட்டது.
கூரையற்ற அத்தனை பெரிய இடத்தில்
யாரும் அசையவில்லை.

உடனே நீலப் பலகை.

ஊளை இல்லை இந்தத் தடவை.
அது சுழன்றது, சுழன்றது.
அங்கே அப்போது எதை விற்றார்களோ,
லாரியோ, சிப்ஸோ, தலைவலி மாத்திரையோ.
ஆட்டம் திரும்பி வந்தபோது
அவன் இடத்தில் வேறொரு நம்பர் நின்றது.
என் கூடையில் அந்த ஈடு கருகியிருந்தது.
டைமர் கூவியதாம், எனக்குக் கேட்கவில்லை.

கடைசியில் இரு பக்கமும் சமம்.
"ஓவர்டைம்!" என்று ஹால் எழுந்தது.
ஆட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.
சட்டியை விட்டு நாங்களும் கைதட்டினோம்.

ஏழு மணிக்கு டைம் ஷீட்.
அரை மணி 'பிரேக்' என்று கழித்திருந்தார்
டைம்கீப்பர் வர்கீஸ்.
அறையில் படுத்தபடி அவரும் பார்த்தாராம்,
இடைவேளை விட்டார்களே என்றார்.
அவர்களுக்குத்தான் சார் விட்டார்கள், என்றேன்.
ரெஃபரியிடம் போய்க் கேள் என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.
அதன் கீழே, தமிழில்,
"ஒன்பது ஈடு" என்று எழுதினேன்.
அவருக்கு வாசிக்கத் தெரியாது.
இருந்துவிட்டுப் போகட்டும்,
கம்பெனியின் ஃபைலில்.