சூடான பானெட்

ஹாவருக்கு வடக்கே, மைனஸ் பன்னிரண்டில்,
ஆஸ்முண்ட் ஹல்வர்சனின் வாசலில் நிற்கிறது
கதவோரம் துருவேறிய வெள்ளை பிக்கப்.

இந்த எஞ்சினைப் பற்றி ஆளுக்கொரு கதை.
ஹெட் கேஸ்கெட் போகும் என்றான் டீசல் போடுகிறவன்.
போகுமா என்பதல்ல, எப்போது என்பதே கேள்வி
என்றான் மைத்துனன்.
தபால்காரி மட்டும்
தன்னுடையது மூன்று லட்சம் மைல் ஓடியதென்றாள்,
சொன்ன கையோடு மரமேசையைத் தொட்டுக்கொண்டாள்.

நான் குதிரைக்கு லாடம் அடிப்பவள்.
தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இவர் ஒன்பதாயிரம் டாலர் கேட்கிறார்.

கையுறையைக் கழற்றி
பானெட்டில் உள்ளங்கை வைத்தேன்.

சூடு.

நான் வருமுன்பே ஓடவிட்டிருக்கிறார்.
குளிரில் கிளம்பும்போது வரும் இருமலை
மறைக்கவா?
வருகிறவளுக்கு இருக்கை சில்லிடக் கூடாதென்றா?
அவர் முகத்தைப் பார்த்தேன்.
பொய்க்கும் குளிருக்கும்
மூக்கு ஒரே மாதிரிதான் சிவக்கிறது.

"ஆறட்டும்" என்றேன்.
"நாலு மணி நேரமாகுமே."
"ஆகட்டும்."

மறுக்கவில்லை. மகிழவும் இல்லை.
சமையலறையில் சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தார்.
கணக்கு எழுதுவது நான்.
மூன்றாவது ஆட்டத்தில்
அவர் பெயருக்குக் கீழே
இரண்டு புள்ளி கூடுதலாகப் போட்டேன்.

பென்சிலை வாங்கினார்.
அடித்துத் திருத்தினார்.
காபி வேண்டுமா என்றார்.

ஜன்னலுக்கு வெளியே
பானெட்டில் விழும் பனி
இன்னும் உருகிக்கொண்டுதான் இருக்கிறது.