நூல் இல்லாத எட்டு

தேன்கனிக்கோட்டை. மாசி. இரவு பதினொன்று.
கொட்டகையில் மழைச் சத்தம் நின்றுவிட்டது.
இலை தின்று முடித்த ஐம்பதாயிரம் வாய்கள்
இனி நூலுக்கு.

கழுத்து கண்ணாடியாய்த் தெளிந்த புழுக்களைப்
பொறுக்கிப் பொறுக்கிச் சந்திரிகையில் விட்டோம்,
நானும் திம்மராயனும்.
ஒவ்வொன்றும் தலையால் எட்டு எழுதும்.
எட்டின் மேல் எட்டு, அதன் மேல் எட்டு.

புழுவின் வயிற்றில் பட்டு இல்லை.
கூழ்தான்.
கிளைசின் அலனின் கிளைசின் அலனின் கிளைசின் செரின்
என்று திரும்பத் திரும்பக் கோத்த மணிகள்
மடிய வழி தெரியாமல் மிதக்கும்.
கழுத்தைப் பின்னால் வெட்டி இழுக்கும்
அந்த ஓர் இழுப்பில்
இஸ்திரி போட்ட வேட்டியாய்ப் படிந்துவிடும்.
பிறகு கொதிநீரில் போட்டாலும்
பசை போகும், மடிப்பு போகாது.
தருமபுரிக் கல்லூரியில் இந்தக் கேள்விக்கு
இருபதுக்குப் பதினாறு வாங்கினேன்.
மீதி நாலு எங்கே போனதென்று
இன்றைக்கும் தெரியாது.

கடைசிச் சந்திரிகையில் ஒரு புழு
எட்டு எழுதிக்கொண்டிருந்தது.
நூல் இல்லை.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பேனாவில் மை தீர்ந்தது தெரியாத கணக்கப்பிள்ளை மாதிரி
இடம் போய் வலம் வந்தது தலை,
பிசகாமல்.

"பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தான்" என்றார் திம்மராயன்.
அதுவாகவும் இருக்கலாம்.
நான் நினைத்தது வேறு:
நீளச் சங்கிலியும் குட்டைச் சங்கிலியும்
கைகோத்தால்தான் செல்லின் வாசல் திறக்கும்.
குட்டையில் ஓர் எழுத்து தவறினால்
நீளமும் உள்ளே கிடந்து புளிக்கும்.
கூட்டுறவு வங்கியில் எங்கள் கடனுக்கும்
ரெண்டு கையெழுத்து.
என்னுடையது குட்டை.

நூல் சுரப்பி ஒரு காலத்தில் எச்சில் சுரப்பி.
எந்தக் காட்டிலோ எந்தப் பூச்சியோ
துப்பியது ஒருநாள் இறுகிப் போயிருக்கும்.
அது பிழைத்தது.
தவறியதற்கும் தப்பியதற்கும்
நமக்கு ஒரே சொல்.

ஆறாம் நாள் கூடுகளை மூட்டை கட்டினோம்.
தருமபுரி அங்காடியில் கிலோ ஐந்நூற்றுப் பத்து.
இந்நேரம் எல்லாம் ஆவியில் வெந்திருக்கும்.

கூடில்லாததற்கு விலை இல்லை.
எண்ணெய் டப்பா மூடியில்
பழுப்பாய், அம்மணமாய்க் கிடந்தது.
பத்து நாள் கழித்து முதுகு வெடித்தது.
துளைக்க ஒன்றும் இல்லாததால்
சுலபமாக வந்து நின்றாள்,
சிறகு அதிர.
ஆண் ஒன்றும் இல்லாத காற்றில்
இரண்டு ராத்திரி வாசனை விட்டாள்.

பிறகு ஏலச்சீட்டின் மேல்,
திம்மராயன் பெயருக்கும் கிலோக் கணக்குக்கும் நடுவில்,
முட்டையிட்டாள்.
நாற்பத்தொன்று. எண்ணினேன்.
கரு பிடித்திருந்தால் சாம்பல் பூக்கும்.
நாலு நாளாய் மஞ்சளாகவே இருக்கின்றன.

சீட்டை வங்கியில் காட்ட வேண்டும்.
இன்னும் காட்டவில்லை.