முப்பத்தைந்து கிராம்

பாறசாலை பேக்கரி சஜீவன்தான் முதலில் விளித்தான்.
"சேச்சி, இருபது பாக்கெட்டும் நிறுத்துப் பார்த்தேன்.
எல்லாத்திலும் ஒரே குறவு.
களவுக்காரி என்றால் ஒன்றிரண்டிலாவது
கை தவறியிருக்கும். மெஷினைப் பாருங்கோ."

பார்த்தேன்.
களியக்காவிளையில் கடை சாத்தின பிறகு,
நேந்திரங்காய்க் கறை பிடித்த கையைத் துடைத்துவிட்டு
ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை ஏற்றினேன்.
பச்சை எண்கள் யோசிக்காமல் சொல்லின:
ஆயிரத்து முப்பத்தைந்து.
இறக்கினேன். பூஜ்யம்.
வெறுந்தட்டில் யோக்கியன்.
ஏதாவது வைத்தால்தான் வாய் கூடுகிறது.

எண்ணூற்று நாற்பத்தொன்பது ரூபாய். நாலரை நட்சத்திரம்.
வந்து ஒன்பது நாள். பத்து நாள்தான் தவணை.

திருப்பி அனுப்பக் காரணம் கேட்டது போன்:
உடைந்துவிட்டது, நிறம் வேறு,
அளவு சேரவில்லை, மனம் மாறிவிட்டது.
பொய் சொல்கிறது என்று ஒரு கட்டம் இல்லை.
அளவு சேரவில்லை என்பதைத் தொட்டேன்.
அது சட்டை வாங்கினவர்களுக்கு என்றாள்
அழைப்பில் வந்த பெண்.
"கூடுதலாகத்தானே காட்டுது மேடம்?
குறைச்சுக் காட்டினாத்தானே உங்களுக்கு நஷ்டம்?"

அரை நிமிஷம் நானும் கணக்குப் போட்டேன்.
எண்பது பொட்டலம், ஒரு நாளைக்கு
இரண்டே முக்கால் கிலோவுக்கு மேலே.
போட்டதை மறைக்கவில்லை.

வீடியோ அனுப்பினேன்.
உப்பு ஈரம் இழுத்திருக்கலாம் என்று பதில் வந்தது.
மீன்கடை லிதியாள் படிக்கல் தந்தாள்,
சர்க்கார் முத்திரை குத்தினது, செதில் ஒட்டினது.
இரும்பு ஈரம் இழுக்காது என்று எழுதிச் சேர்த்தேன்.
ஒத்துக்கொண்டார்கள்.
ஆனால் உங்கள் பின்கோட்டில் திரும்ப எடுக்கும் வசதி இல்லை.

கொண்டுவர வழி தெரிந்த வண்டிக்கு
எடுத்துப்போக வழி தெரியாதாம்.
இஞ்சிவிளையில் வசதி உண்டு.
செக்போஸ்ட் தாண்டி ஒரு வெற்றிலை மெல்லும் தூரம்.
தையல்காரி ஷைலஜாவின் விலாசத்தைக் கொடுத்து,
தராசைச் சாக்கில் போட்டு மாநிலம் கடந்தேன்.
போலீஸ்காரர் சாக்கைத் தட்டினார்: "எந்தா?"
"கள்ளத் தராசாக்கும் சாரே."
சிரித்து விட்டுவிட்டார்.

எடுக்க வந்த ஜிபின் பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினான்.
போனைப் பார்த்தான். மறுபடி தூக்கினான்.
"கம்பெனி எழுதினதிலும் முப்பத்தஞ்சு கிராம் குறவாணு, சேச்சி.
உள்ளேருந்து எதையாவது எடுத்தோ?"
ஷைலஜா என்னைப் பார்த்தாள்.
அங்கே ஏதோ குடோனில்
இதன் கூடப்பிறந்தது ஒன்று உட்கார்ந்து
எல்லாவற்றையும் நிறுத்து எழுதிக்கொண்டிருக்கிறது.

பேசிப் பயனில்லை.
ஷைலஜா ஜாக்கெட் வெட்டின துண்டுத்துணியை
இரண்டு பிடி அள்ளிப் பெட்டிக்குள் திணித்தாள்.
ஜிபின் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
முள் சரியாய் வந்து நின்றது.

பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது, ஒரு பைசா குறையாமல்.
எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது.

சஜீவனுக்கு எழுநூறு கிராம் கொடுத்துத் தீர்த்தேன்.
தெருக்காரர்களுக்கு ஆளுக்கொரு பிடி.
ஆனால் அந்த ஒன்பது நாளும்
பஸ் ஜன்னல் வழியே கை நீட்டி வாங்கினார்களே,
அவர்களை எந்தப் பின்கோட்டில் தேட?
ஒருத்தன் முகம் மட்டும் இருக்கிறது.
நெடுமங்காட்டு லாரி. மகளுக்குப் பிறந்தநாள்,
ஒரு கிலோ என்றான்.
நிறுத்த பிறகு மேலே இரண்டு வறுவல் போட்டேன்,
"பிள்ளைக்கு" என்று.
அவன் கும்பிட்டான்.
அந்த இரண்டு வறுவல்தான் தொண்டையில் நிற்கிறது.

கல்லாப் பக்கம் ஒரு சின்னப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.
நமத்தால் மாற்றிக் கட்டுகிறேன்.
வடக்கே போகும் லாரிகளின் கண்ணாடியைப் பார்க்கிறேன்.

லிதியாளின் கல்லை
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.